நினைவு மங்கியபின் கையெழுத்து யாருடையது?

புதுதில்லி: 1974 ரயில்வே வேலைநிறுத்தத்தை வழிநடத்தி நாட்டையே ஸ்தம்பிக்க வைத்தவர்; பின்னாளில் பாதுகாப்பு அமைச்சர். அந்த ஜார்ஜ் பெர்னாண்டஸை முதுமையில் அல்சைமர் நோய் பீடித்தது. அவரைப் பராமரிப்பது, சந்திப்பது தொடர்பாக மனைவிக்கும் சகோதரர்களுக்கும் எழுந்த பிணக்கு 2010-இல் தில்லி உயர் நீதிமன்றத்தை எட்டியது. 2019-இல் அவர் மறைந்தார்; கேள்வி மறையவில்லை.

60 வயதைக் கடந்த இந்தியர்களில் சுமார் 88 லட்சம் பேர் அல்சைமர் உள்ளிட்ட மறதி நோய்களுடன் வாழ்வதாக 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அவர்களுக்கு உணவூட்டி, இரவெல்லாம் விழித்திருந்து காப்பவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே. ஆயினும், நோயாளியின் வங்கிக் கணக்கில் கையெழுத்திடும் அதிகாரம் அவர்களுக்குத் தானாக வந்துவிடாது.

1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம் போன்ற குறைபாடுடையோருக்குப் பாதுகாவலரை நியமிக்க வழிசெய்கிறது. அப்பட்டியலில் மறதி நோய் இல்லை. எனவே நீதிமன்றப் படியேறுவதே வழி. தலைவரின் குடும்பத்துக்கு வழக்கறிஞர்கள் கிடைத்தனர். சாமானியருக்குத் தேவை சட்டம்.