கூரை நீரும் கோடைத் தோட்டமும்

நம் வட்டாரத்தைப் பற்றி வெளியூர் நண்பர்கள் இரண்டு செய்திகளைச் சொல்வதுண்டு. ஒன்று, திருப்பெரும்புதூர் முதல் ஒரகடம் வரை தொழிற்சாலைகள் நிறைந்துவிட்டன என்பது. மற்றொன்று, இது தண்ணீர் இல்லாத சீமை என்பது. முதற்செய்தி கண்கூடு. இரண்டாவதை அப்படியே ஒப்புக்கொள்ள முடியவில்லை. காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஓராண்டில் சராசரியாக 1200 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. இது குறைந்த மழையன்று. ஆனால் அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. தை பிறந்த பின் வைகாசி வரை வானம் ஏறத்தாழ வெறும் வானம்தான். ஆகவே நமக்குள்ள குறை மழைக் குறை என்பதைவிட, வந்த மழையை வேண்டிய நாள்வரை வைத்திருக்க இயலாத குறை என்பதே பொருந்தும்.

இந்தக் குறையை முதலில் உணர்வது தோட்டம். நம் கல்லூரியில் ஆண்டுதோறும் ஆடி மாதத்தையொட்டி மரக்கன்று நடுகிறோம். பங்குனிக்குள் அவற்றில் பல கருகிவிடுகின்றன. அடுத்த ஆண்டு அதே குழியில் மீண்டும் ஒரு கன்று நடப்படுகிறது. கன்று நடுவதைவிட, அதற்கு முதற்கோடையில் நீர் வைத்திருப்பதே மரம் வளர்க்கும் வேலையில் பெரும்பகுதி என்பது என் எண்ணம். அதற்குக் கூரையில் விழும் நீர் போதுமா என்பதை இக்கட்டுரையில் கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஏரி கற்பிக்கும் பாடம்

பழைய செங்கற்பட்டு மாவட்டத்தை 'ஏரி மாவட்டம்' என்பார்கள். திருப்பெரும்புதூர் ஏரி, பிள்ளைப்பாக்கம் ஏரி, நேமம் ஏரி ஆகியவற்றின் மிகுநீர் செம்பரம்பாக்கம் ஏரியை அடைகிறது. 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவுள்ள அந்த ஏரி, 2015 டிசம்பரில் நிரம்பி, நொடிக்கு 29,000 கன அடி நீரை அடையாற்றில் திறந்துவிடும் நிலைக்கு வந்தது. அதே ஏரி 2019 ஜூனில் வறண்டு கிடந்தது. நான்கே ஆண்டு இடைவெளியில் வெள்ளமும் வறட்சியும் கண்ட நாடு இது.

நம் முன்னோர் ஏன் இத்தனை ஏரிகளை அமைத்தனர்? புவியியல் மாணவன் என்ற முறையில் எனக்குத் தோன்றும் விடை, நம் காலடி மண்ணில் இருக்கிறது. நிலவியலார் 'திருப்பெரும்புதூர்ப் படிவங்கள்' என்று அழைக்கும் பாறை அடுக்கு, பண்டைத் தாவரங்களின் புதைபடிவங்களுக்குப் பெயர் பெற்றது. அதில் களிப்பாறையும் களிமண்ணும் மிகுதி. களிமண் நீரை எளிதில் கீழே விடாது. கடற்கரை மணலில் விழும் மழை சில மணி நேரத்தில் நிலத்தடிக்குப் போய்விடும். இங்கோ பல இடங்களில் அது மேலேயே தேங்கும், அல்லது ஓடிவிடும். கீழே இறங்காத நீரைக் கரை கட்டி மேலேயே நிறுத்துவதுதான் ஏரி. மண்ணின் குறையையே அவர்கள் நிறைவாக்கிக்கொண்டனர்.

நீரைக் காப்பதும் தோட்டத்தைக் காப்பதும் பக்கத்துப் பக்கத்து வேலைகள் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சான்று உண்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகப் பெரிதும் பேசப்படுகின்றன. அவற்றிலேயே தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவரும் ஏரி வாரியத்துக்கு அறுவரும் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்ற விதியும் காணப்படுகிறது.

கூரையின் கணக்கு

2003ஆம் ஆண்டில் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. பெரும்பாலான வீடுகளில் அது நீரை நிலத்துக்குள் இறக்கும் குழியாகவே அமைந்தது. நிலத்தடி நீருக்கு அது நல்லது. ஆனால் களிமண் பகுதியில் அக்குழி மெதுவாகவே உறிஞ்சும். ஓரடி ஆழக் குழி தோண்டி, நீர் ஊற்றி வடியவிட்டு, மறுபடியும் நிரப்பி, எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பார்த்தாலே நம் மண்ணின் இயல்பு தெரிந்துவிடும். நாள் முழுதும் நின்றால், தோட்டத்துக்கான நீரை மண்ணை நம்பி விடாமல் தொட்டியில் வைப்பதே அறிவுடைமை.

கணக்கு மிக எளிது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். 400 சதுர அடிக் கூரை ஏறத்தாழ 37 சதுர மீட்டர். அதன்மேல் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 370 லிட்டர். சிதறலும் ஆவியாதலும் போக ஐந்தில் நான்கு பங்கு கிடைக்கும் என்று கொண்டால், சுமார் 300 லிட்டர். ஓராண்டு முழுவதற்கும் இப்படிக் கணக்கிட்டால் 35,000 லிட்டருக்கும் மேல் வருகிறது.

இனிச் செலவைப் பார்ப்போம். 100 சதுர அடிக் காய்கறிப் பாத்திக்குக் கோடையில் நாளொன்றுக்குச் சுமார் 45 லிட்டர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 200 லிட்டர் பீப்பாய் நான்கே நாளில் காலி. பிப்ரவரி முதல் மே முடிய 120 நாளுக்கு 5,400 லிட்டர் தேவை. வரவு 35,000, செலவு 5,400, கையிருப்பு வைக்க இடமோ 200! வரவுக்கும் செலவுக்கும் இடையே இடர்ப்பாடு இல்லை, கொள்கலத்தில்தான் இடர்ப்பாடு.

இதிலிருந்து ஓர் உண்மை புலப்படும். பீப்பாய் பயனற்றதன்று. ஆடி, ஆவணியில் இடிமழை வந்து, பிறகு ஒரு வாரம் காய்ந்து, மீண்டும் மழை வருகிறதே, அந்த இடைவெளிகளைக் கடக்கப் பீப்பாய் போதும். அது பலமுறை நிரம்பிப் பலமுறை காலியாகும். நீண்ட கோடையைக் கடக்கவோ ஆறடி நீளம், ஆறடி அகலம், ஆறடி ஆழமுள்ள தொட்டி வேண்டும். அதன் கொள்ளளவு ஏறத்தாழ 6,100 லிட்டர்.

சீனத்தின் கான்சு மாநிலத்தில் இதைவிட வறண்ட நிலை. அங்குப் பல பகுதிகளில் ஆண்டு மழை நம்முடையதில் மூன்றில் ஒரு பங்கு அளவே. 1995ஆம் ஆண்டு வறட்சிக்குப் பின் '1-2-1' என்ற திட்டத்தை அங்கே கொண்டுவந்தனர். குடும்பத்துக்கு 100 சதுர மீட்டர் அளவில் ஒரு நீர்பிடிப்புப் பரப்பு, இரண்டு நிலத்தடித் தொட்டிகள், வீட்டை ஒட்டி ஒரு 'மூ' தோட்டம். ஒரு மூ என்பது நம் கணக்கில் சுமார் பதினாறரை சென்ட். நீர்பிடிப்பு, சேமிப்பு, தோட்டம் மூன்றையும் ஒரே கணக்கில் சேர்த்துப் பார்த்ததே அத்திட்டத்தின் சிறப்பு.

அமைக்கும் முறை

வீட்டுத் தொட்டியை ஒரு சிற்றேரியாக எண்ணிக்கொண்டால் எந்த உறுப்பும் விட்டுப்போகாது. கூரையே நீர்பிடிப்பு. கூரை ஓரத்துத் தகரக் கால்வாயே வரத்துக்கால். தொட்டியே ஏரி. அடியிலுள்ள குழாயே மதகு. மேல்விளிம்பருகே வைக்கும் வழிகுழாயே கலங்கல்.

வரத்துக்கால்: பருவத்தின் முதல்மழை கூரையிலுள்ள தூசியையும் சருகையும் பறவை எச்சத்தையும் அடித்துவரும். அதை வெளியே விட்டுவிட்டுப் பிறகே தொட்டிக்குத் திருப்ப வேண்டும். ஆலைகளும் கனரக வண்டிகளும் மிகுந்த நம் பகுதியில் இதில் தனிக் கவனம் தேவை.

மதகு: குழாயைத் தரைமட்டத்தில் வைக்காமல் நான்கு விரல் உயரத்தில் வைத்தால் வண்டல் அடியில் தங்கிவிடும். பீப்பாயைச் செங்கல் மேடையில் ஏற்றினால் குடம் வைத்துப் பிடிக்கலாம். நிறைந்த பீப்பாயில் நீர் மட்டுமே 200 கிலோ எடை என்பதை மறந்து, அதைச் சன்னல் மேற்பலகையிலோ கைப்பிடிச் சுவரிலோ வைத்துவிடக் கூடாது.

கலங்கல்: நிரம்பி வழியும் நீர் சுவர் அடியில் தேங்காமல், மரத்தடிப் பாத்திக்குப் போகட்டும். ஓர் ஏரியின் மிகுநீர் அடுத்த ஏரிக்குப் போவது போன்றதே இதுவும்.

மூடி: திறந்த நீரில் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை ஏழு முதல் பத்து நாளில் கொசுவாகிவிடும். எனவே இறுக்கமான மூடியும், நீர் நுழையும் வாயில் நைலான் வலையும் இன்றியமையாதவை. காய்ந்த சுவரிலும் அம்முட்டைகள் பல மாதம் உயிரோடிருக்கும்; ஆகவே காலியானதும் உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

நம் ஊர்ப் பக்கம் பழைய பொருள் கடைகளில் ஆலைகளிலிருந்து வரும் நீலநிறப் பீப்பாய்கள் மலிவாகக் கிடைக்கின்றன. முன்பு அதில் என்ன இருந்தது என்று உறுதியாகத் தெரிந்தாலன்றி வாங்க வேண்டா. இரசாயன நெடி வீசினாலோ, சீட்டைச் சுரண்டி எடுத்திருந்தாலோ, எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுவதே நன்று. கீரைக்கு ஊற்றும் நீர் நம் தட்டுக்குத்தானே வருகிறது!

சிக்கனம்

சேர்த்த நீரை நீட்டிப்பதும் சேகரிப்பின் ஒரு பகுதியே. சருகு, வைக்கோல், தென்னை மட்டை கொண்டு மண்ணை மூடாக்கிட்டால் வெயில் நீரைக் குடிப்பது குறையும். காலையிலோ மாலையிலோ மட்டும் நீர் விட வேண்டும். கன்றின் வேரருகே மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, நீர் நிரப்பி மூடி வைத்தால், பானையின் நுண்துளை வழியே நீர் மெல்லக் கசிந்து வேருக்குப் போகும். நீர் வேண்டும் பயிர்களைத் தைக்குள் முடித்து, கோடையில் முருங்கை, கறிவேப்பிலை போன்றவற்றோடு நிறுத்திக்கொள்வதும் ஒரு சேமிப்பே.

நாம் செய்யக்கூடியது

கன்று ஒன்றுக்கு வாரம் 20 லிட்டர் என்று வைத்தால், 17 வாரக் கோடைக்கு 340 லிட்டர். மேலே சொன்ன ஒரு தொட்டி 17 கன்றுகளைக் காப்பாற்றும். 5,000 சதுர அடி மாடியுள்ள ஒரு கட்டடத்தில் 25 மில்லிமீட்டர் மழை ஒரே நாளில் பெய்தாலும் 9,000 லிட்டருக்கு மேல் கிடைக்கும். தொட்டி அன்றே நிரம்பிவிடும். ஒரு எக்டேர் பரப்புள்ள ஆலைக் கூரைமீது ஆண்டில் விழுவதோ 1 கோடியே 20 லட்சம் லிட்டர்! கூரைகள் பெருகியதால் ஓடும் நீரும் பெருகியிருக்கிறது. அதைப் பிடிக்கும் கலங்கள் அதற்கேற்பப் பெருக வேண்டும்.

பேராசிரியப் பெருமக்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் நான் வைக்கும் வேண்டுகோள் ஒன்றுண்டு. வரும் ஆண்டு எத்தனை கன்று நடலாம் என்று முடிவு செய்யுமுன், எத்தனை லிட்டர் நீர் வைத்திருக்க முடியும் என்று கணக்கிடுவோம். நீர் 17 கன்றுக்குத்தான் உண்டெனில் 17 மட்டும் நடுவோம். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் புரட்டாசிக்குள் மாடியைப் பெருக்கி, குழாய் அடைப்பு நீக்கி, ஒரு கட்டடத்துக்கு ஒரு தொட்டியாவது அமைத்துவிட்டால், ஐப்பசி மழை தன் பங்கைச் செய்யும். பதினேழும் மரமாகி நிற்குமானால், அது நூறு கன்று நட்டோம் என்ற அறிக்கையைவிடப் பெருமை தரும்.