சாக வேண்டிய 131 செல்கள்

தக்காளியும் வாழையும் பயிரிடுவோருக்கு நூற்புழு என்றாலே எரிச்சல்தான். வேரைத் துளைத்து உள்ளே புகுந்து விளைச்சலைக் கெடுக்கும். அந்தப் பெருங்குலத்தில் யாருக்கும் தீங்கு செய்யாத ஒரு சாதுவும் உண்டு. சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்பது அதன் முழுப்பெயர், ஆய்வகங்களில் சி. எலிகன்ஸ். நீளம் ஒரு மில்லிமீட்டர். அழுகிய பழங்களிலும் மட்கிலும் பாக்டீரியாவைத் தின்று வாழ்கிறது.

இதற்கு அறிவியலில் பெரிய இடம் வாங்கித் தந்தவர் சிட்னி பிரென்னர். தென்னாப்பிரிக்காவில் பிறந்து, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்தவர். மரபணுக் குறியீட்டின் அடிப்படை துலங்கத் தொடங்கியிருந்த 1960களில், ஒற்றைக் கருமுட்டை எப்படி முழு உடலாகிறது, நரம்பு மண்டலம் எப்படி அமைகிறது என்ற கேள்விகளுக்கு அவர் திரும்பினார். அதற்கு எளிய விலங்கு ஒன்று தேவைப்பட்டது. இந்தப் புழு மூன்றே நாளில் முட்டையிலிருந்து முட்டையிடும் பருவத்துக்கு வந்துவிடும். பெரும்பாலானவை இருபாலுயிரிகள், துணையில்லாமலே ஏறத்தாழ 300 குஞ்சுகளைத் தரும். உறைய வைத்துப் பல ஆண்டுகள் கழித்து எழுப்பினாலும் நெளியத் தொடங்கிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, உடல் ஒளி ஊடுருவக்கூடியது. உயிருள்ள புழுவுக்குள் செல்கள் பிரிவதை நுண்ணோக்கியிலேயே பார்க்கலாம்.

பார்த்தவர் ஜான் சல்ஸ்டன். கருவின் ஒவ்வொரு செல்லும் எப்போது பிரிகிறது, எங்கே நகர்கிறது, என்னவாகிறது என்பதைக் கண்ணால் பார்த்துக் கையால் வரைந்தார். காலையில் நான்கு மணி நேரம், பிற்பகலில் நான்கு மணி நேரம் என்று சுமார் ஒன்றரை ஆண்டு. அந்தப் பொறுமைக்கு இணையான ஒன்றை உயிரியலில் தேடிப்பிடிப்பது கடினம். 1983இல், ஒரு விலங்கின் செல்கள் அனைத்துக்கும் கருமுட்டையிலிருந்து தொடங்கும் முழு வம்சாவளி முதன்முறையாகக் கிடைத்தது. ஒவ்வொரு புழுவிலும் அது ஏறக்குறைய மாறுவதேயில்லை. இனப்பெருக்கச் செல்களை நீக்கிவிட்டு எண்ணினால், வளர்ந்த இருபாலுயிரியின் உடலில் 959 செல்கள். அவற்றில் 302 நரம்புச் செல்கள்.

உருவானவை 1,090. மிச்சம் 131 எங்கே?

செத்துவிட்டன. நோயாலோ காயத்தாலோ அல்ல. குறித்த செல் குறித்த நேரத்தில் சுருங்கி மடிகிறது. பக்கத்துச் செல் அதை விழுங்கிவிடுகிறது. எந்தப் புழுவை எடுத்தாலும் அதே 131 செல்கள்தான். அப்படியென்றால் சாவுக்கும் மரபணுவில் ஆணை இருக்க வேண்டும்.

அந்த ஆணையைத் தேடிப் பிடித்தவர் அமெரிக்காவின் எம்ஐடியில் பணியாற்றிய ராபர்ட் ஹோர்விட்ஸ். செட்-3, செட்-4 என்ற இரண்டு மரபணுக்களில் ஒன்று பழுதானாலும் சாக வேண்டிய செல்கள் சாகவில்லை என்பதை 1986இல் அவரது குழு காட்டியது. வியப்பு என்னவென்றால், அந்த உபரிச் செல்களைச் சுமந்துகொண்டும் புழு பெரிய குறையின்றி வாழ்ந்துவிடுகிறது. பின்னர் செட்-9 அகப்பட்டது. அதன் வேலை நேர்மாறு: வாழ வேண்டிய செல்லைச் சாகாமல் காப்பது.

இதற்கிடையே, மனிதரின் நிணநீர்ப் புற்றுநோய் ஒன்றில் பிசிஎல்-2 என்ற மரபணு அளவுமீறி இயங்குவது தெரிந்திருந்தது. அது செல்களைப் பெருக்குவதில்லை. சாகவிடாமல் தடுக்கிறது என்று 1988இல் மெல்போர்னில் டேவிட் வாக்ஸ் குழுவினர் கண்டார்கள். 1992இல் அவர் துணிச்சலான ஒரு சோதனை செய்தார். மனிதரின் பிசிஎல்-2வைப் புழுவுக்குள் செலுத்தினார். சாக வேண்டிய செல்களில் சில பிழைத்துக்கொண்டன! செட்-9 அதே மரபணுவின் புழு வடிவம் என்பது 1994இல் உறுதியானது. இரு பரம்பரைகளும் பிரிந்து அறுபது கோடி ஆண்டுகளுக்குக் குறையாது; சாவுக் கருவி மட்டும் மாறவில்லை.

எலும்பு, இதயம், நுரையீரல் எதுவும் இல்லாத பிராணி இது. அதில் கண்டதெல்லாம் நமக்குப் பொருந்திவிடாது. ஆனாலும் பிரென்னர், சல்ஸ்டன், ஹோர்விட்ஸ் மூவரும் 2002இல் நோபல் பெற்ற பிறகு, 2006, 2008, 2024 ஆண்டுகளின் நோபல்களிலும் இந்தப் புழுவில் நடந்த ஆய்வுகளுக்குப் பங்கு இருந்தது.

பிசிஎல்-2 புரதத்தை முடக்கும் வெனடோகிளாக்ஸ் என்ற மாத்திரைக்கு 2016இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. ஒருவகை நாள்பட்ட ரத்தப் புற்றுநோய்க்கான மருந்து அது. முழுப் பெருமையையும் புழுவுக்கே கொடுத்துவிட முடியாது. மனிதச் செல்களில் நடந்த ஆய்வுக்கும் மருந்து வேதியியலுக்கும் பெரும்பங்கு உண்டு. எந்த மரபணு எதைத் தடுக்கிறது என்ற வரிசை தெளிந்தது மட்டும் பெரிதும் புழுவால்தான். புற்றுச் செல் மறுத்துவந்த சாவை அந்த மாத்திரை மீண்டும் தொடங்கிவைக்கிறது.