ஆழம் போனால் உப்பு

துவாலு, கிரிபாட்டி போன்ற குட்டித் தீவு நாடுகளில் குடும்ப விவசாயம் நிலைக்குமா என்ற கவலை பல ஆண்டுகளாகவே இருக்கிறது. 2019 முதல் 2028 வரையிலான பத்தாண்டை ஐ.நா. சபை குடும்ப விவசாயத்துக்கென்றே அறிவித்திருக்கிறது. அந்தத் தீவுகளின் கவலையைப் புரிந்துகொள்ளக் கப்பல் ஏற வேண்டாம். கோவளத்திலிருந்து மாமல்லபுரத்துக்கு கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் போதும். கிழக்கே வங்கக் கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாயின் உவர்நீர், நடுவே மணல். நிலத்தடி நீரைப் பொறுத்தவரை அந்தப் பட்டையும் ஒரு தீவுதான்.

இருந்தும் அந்த மணலில் கொஞ்சம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். எப்படி? கடல்நீர் நன்னீரைவிட 40-இல் ஒரு பங்கு கனம் அதிகம். அதனால் மணலில் இறங்கிய மழைநீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு இருக்கும். நெதர்லாந்தின் கைபன் 1888-லும் ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க் 1901-லும் சொன்ன கணக்கு இது. மேலே 1 அடியை இறைத்துத் தீர்த்தால், அடியிலிருந்து உப்பு நாளடைவில் 40 அடி ஏறிவிடும்.

முன்னோர் இதை அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். சவுக்குக் கன்றுக்கு மணலில் ஊற்றுக்குழி தோண்டி, குடத்தில் மொண்டு, வேரடியில் ஊற்றினார்கள். மேல் தண்ணீரை மட்டும் தொட்டார்கள். துவாலுவிலும் நன்னீர் மட்டம் வரை குழி வெட்டி, இலைதழையை மக்கவைத்து, சேம்பு இனமான புலாக்காவைக் குடும்பம் குடும்பமாக வளர்த்தார்கள். கடல் உயர உயர அந்தக் குழிகளில் இப்போது உப்பு ஏறுகிறது.

நம் கரையில் கடல் உயரும்வரை நாம் காத்திருக்கவில்லை. மணல்மேட்டைச் சமன்செய்து மனை போட்டோம்; மழை இறங்க இடமில்லை. கிணறு உவர்த்ததும் இன்னும் ஆழமாகப் போர் போட்டோம். அது உப்பைத்தான் மேலே இழுத்தது. நிலத்துக்கு வேலி போடலாம், நிலத்தடி நீருக்குப் போட முடியாது. ஒரு குடும்பம் எத்தனை சிக்கனமாகப் பயிர் செய்தாலும், பக்கத்துச் சொகுசு விடுதி நீச்சல் குளத்துக்கு இறைத்தால் இவர்கள் கிணறும் கெட்டுவிடும்.

ஆகவே கடலோரச் சிறு விவசாயியைக் காப்பது ஊர்க் காரியம். ஆழப் போர் வேண்டாம் என்றும், மழை இறங்கும் மணல்மேட்டைத் தொடக்கூடாது என்றும் ஊரே கட்டுப்பட வேண்டும். 2019-ஆம் ஆண்டுக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மணல்மேடுகளை மிக உயர்ந்த பாதுகாப்பு வகையில் வைத்திருக்கிறது. நம்மூரில் அவை எந்தெந்த சர்வே எண்களில் இருக்கின்றன என்று அடுத்த கிராம சபையில் கேளுங்கள்.