டிக்கெட் ரூ.2,500... மீதியைக் கட்டுவது யார்? புதுச்சேரி ரன்வே முதல் ஏர்பஸ் - போயிங் சண்டை வரை

மரக்காணம் உப்பளங்களில் அக்டோபர் மழை இறங்கிவிட்டால் வேலை நின்றுவிடும். பாத்தியில் மழைத் தண்ணீர் சேர்ந்தால் உப்பு விளையாது, கூலியும் கிடையாது. அந்த மாதங்களைச் சமாளிக்க உப்பளத் தொழிலாளர்களுக்கு ரூ.5,000 நிவாரணம் என்று தமிழக அரசு அறிவித்தது. இது அரசு உதவி என்று எல்லோருக்கும் பளிச்சென்று தெரிகிறது.

அங்கிருந்து கிழக்கு கடற்கரைச் சாலையில் தெற்கே வந்தால் கீழ்புத்துப்பட்டு. இன்னும் கொஞ்ச தூரம் போனால் புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையம். அங்கே இறங்கும் விமானத்துக்குப் பின்னாலும் அரசின் கை இருக்கிறது. ஆனா அது கண்ணுக்கு அவ்வளவு சீக்கிரம் தெரியாது.

உடான்: கணக்கு எப்படிப் போடுறாங்க?

சின்ன ஊர்களுக்கும் விமானம் விடணும் என்று மத்திய அரசு 2016 அக்டோபரில் கொண்டுவந்த திட்டம்தான் உடான். முதல் விமானம் 2017 ஏப்ரல் 27-ல் சிம்லா - டெல்லி இடையே பறந்தது. சுமார் ஒரு மணி நேரப் பயணத்துக்கு ரூ.2,500 என்று அப்போது உச்சவரம்பு வைத்தார்கள். ஆனால் எல்லா சீட்டுக்கும் அந்த விலை இல்லை. பாதி சீட்டுக்குத்தான், அதுவும் அதிகபட்சம் 40. 78 சீட் விமானம் என்றால் 39 பேருக்கு மலிவு விலை. மற்றவர்களுக்கு சந்தை விலைதான்.

உதாரணத்துக்கு, ஒரு சீட்டுக்கு நிறுவனத்துக்கு ஆகும் செலவு ரூ.4,000 என்று வைத்துக்கொள்வோம். டிக்கெட் ரூ.2,500. குறைகிற ரூ.1,500-ஐ அரசு ஈடுகட்டும். 39 சீட்டுக்கு ஒரு நடைக்கு ரூ.58,500. ஏலத்தில் யார் குறைவான மானியம் கேட்கிறார்களோ அவர்களுக்கு அந்த வழித்தடம். மூன்று வருஷத்துக்கு மானியம். அந்த மூன்று வருஷமும் அந்தத் தடத்தில் வேறு யாரும் திட்டத்தின் கீழ் போட்டிக்கு வர முடியாது. மானியத்தில் மாநில அரசின் பங்கு 20 சதவீதம். வடகிழக்கு மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் 10 சதவீதம்.

சரி, மத்திய அரசு தன் பங்கை எங்கிருந்து எடுக்கிறது? பெரிய வழித்தடங்களில் பறக்கும் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு கட்டணம் வசூலித்து, அந்த நிதியில் இருந்துதான். அதாவது சென்னை - டெல்லி டிக்கெட் எடுக்கிறவர், தனக்கே தெரியாமல் இன்னொருவரின் சிறு நகரப் பயணத்துக்குக் கொஞ்சம் சேர்த்துக் கட்டுகிறார். இது நியாயமா என்று கேட்டு விமான நிறுவனங்களின் கூட்டமைப்பு 2016-லேயே டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. எங்களிடம் வாங்கி எங்கள் போட்டியாளருக்கே கொடுப்பீர்களா என்பதுதான் சண்டையின் சாரம். கேட்டதில் தப்பும் சொல்ல முடியாது.

புதுச்சேரியில் நடந்தது என்ன?

2017 ஆகஸ்ட்டில் உடான் திட்டத்தில் ஸ்பைஸ்ஜெட் ஹைதராபாத் - புதுச்சேரி சேவையைத் தொடங்கியது. முதல் சுற்று ஏலத்தில் இந்த நிறுவனம் நேரடி மானியம் வேண்டாம் என்றே கேட்டது கவனிக்க வேண்டிய விஷயம். பணம் வாங்காமல் எதுக்கு உடானுக்குள் வரணும்? தரையிறங்கும் கட்டணம் கிடையாது, எரிபொருள் வரி குறைவு, மூன்று வருஷம் போட்டி இல்லை. கையில் காசாக வராவிட்டாலும் இதுவும் ஒரு சலுகைதானே!

2024-ல் அந்தச் சேவை நின்றது. பல மாதங்கள் புதுச்சேரிக்குப் பயணிகள் விமானமே இல்லை. கீழ்புத்துப்பட்டுப் பக்கம் இருந்து ஹைதராபாத் போக வேண்டியவர் மறுபடி மூட்டை முடிச்சோடு மீனம்பாக்கத்துக்கு பஸ் ஏற வேண்டியதுதான். 2024 டிசம்பர் 20-ல் இண்டிகோ பெங்களூரு, ஹைதராபாத் சேவைகளைத் தொடங்கிய பிறகுதான் நிலைமை மாறியது.

இது புதுச்சேரியோட கதை மட்டும் இல்லை. சேலத்துக்கு 2018 மார்ச்சில் வந்த ட்ரூஜெட் 2021-ல் காணாமல் போனது. 2023 அக்டோபரில்தான் மறுபடி விமானம் வந்தது. நெய்வேலியும் வேலூரும் பட்டியலில் இருந்தும் 2024 முடியும் வரை பயணிகள் சேவை தொடங்கவில்லை. 2023-ல் சிஏஜி அறிக்கை இன்னும் கடுமையாகச் சொன்னது: முதல் மூன்று சுற்றுகளில் ஒதுக்கிய 774 வழித்தடங்களில் 403-ல் விமானமே பறக்கவில்லை. தொடங்கிய 371-ல் மூன்று வருஷத்தை முழுசாக முடித்தவை 112. சலுகைக் காலம் முடிந்த பிறகும் 2023 மார்ச் வரை தாக்குப்பிடித்தவை வெறும் 54.

விமானத்தைச் செய்கிறவர்களுக்கும் மானியம்

ஸ்பைஸ்ஜெட் புதுச்சேரிக்கு ஓட்டிய கியூ400, கனடாவின் பாம்பார்டியர் தயாரிப்பு. இண்டிகோ இப்போது ஓட்டும் ஏடிஆர் நிறுவனத்தில் பாதி ஏர்பஸ்ஸுடையது. இரண்டுமே அரசு மானியச் சண்டையில் பழுத்த பெயர்கள்.

பாம்பார்டியரும் பிரேசிலின் எம்ப்ரேயரும் சிறிய ஜெட் விமான விற்பனையில் மோதியபோது, இரு நாடுகளும் உலக வர்த்தக அமைப்புக்குப் போயின. 1999-ல் வந்த தீர்ப்பில் இரண்டு பக்க மானியத்திலும் தப்பு இருப்பதாகச் சொல்லப்பட்டது.

ஏர்பஸ் - போயிங் கதை இதைவிடப் பெரிசு. புது விமானம் வடிவமைக்க ஐரோப்பிய அரசுகள் ஏர்பஸ்ஸுக்குக் கடன் கொடுக்கும். விமானம் விற்க விற்கத் திருப்பிக் கட்டினால் போதும். விற்கவில்லை என்றால் நஷ்டம் அரசுக்கு. வங்கியில் நமக்கு இப்படி ஒரு கடன் கிடைக்குமா? அமெரிக்கா 2004-ல் வழக்குப் போட்டது. போயிங்குக்கு வாஷிங்டன் மாநிலம் கொடுத்த வரிச்சலுகை மட்டும் சரியா என்று ஐரோப்பா பதில் வழக்குப் போட்டது.

சுமார் 15 வருஷம் இழுத்த பிறகு, ஆண்டுக்கு 750 கோடி டாலர் மதிப்புள்ள ஐரோப்பியப் பொருட்களுக்கு வரி போட 2019-ல் அமெரிக்காவுக்கு அனுமதி. அடுத்த ஆண்டு ஐரோப்பாவுக்கு சுமார் 400 கோடி டாலர் அளவுக்கு அனுமதி. அடி விழுந்தது விமானத்துக்கு மட்டும் இல்லை. ஒரு பக்கம் ஸ்காட்லாந்து விஸ்கி, சீஸ், ஆலிவ். இன்னொரு பக்கம் வேர்க்கடலை, சர்க்கரைவள்ளிக்கிழங்கு. விமானத்தையே தொடாத விவசாயி அபராதம் கட்டினார். 2021 ஜூனில் இரு தரப்பும் ஐந்து வருஷத்துக்கு வரிகளை நிறுத்தி வைக்க ஒப்புக்கொண்டன.

மானியம் கொடுப்பதே குற்றம் என்று உலக வர்த்தக அமைப்பு சொல்வதில்லை. ஏற்றுமதி செய்தால்தான் பணம் என்று நிபந்தனை போட்டால் தடை. மற்றபடி இன்னொரு நாட்டின் தொழிலுக்குப் பாதிப்பு என்று நிரூபித்தால் நடவடிக்கை. இந்த நிரூபிக்கிற வேலைக்குத்தான் அத்தனை வருஷம்.

புதுச்சேரி ஓடுபாதையின் நீளம் சுமார் 1,500 மீட்டர். ஏடிஆர் அளவு விமானத்துக்குத்தான் அது சரிப்படும். ஏர்பஸ் 320 மாதிரி பெரிய ஜெட் வழக்கமாக வந்துபோக ஓடுபாதையை நீட்டணும். அதற்குத் தமிழக எல்லைக்குள் நிலம் வேணும். அந்தப் பேச்சு பல வருஷமாக நடந்துகொண்டிருக்கிறது.