மறைமலைநகரும் வடநெம்மேலியும்

1995-இல் ஃபோர்டு நிறுவனம் மஹிந்திராவோடு கூட்டுச் சேர்ந்து மறைமலைநகருக்கு வந்தபோது, அது கண்டது கார் வாங்கத் தயாராகிக்கொண்டிருந்த இந்திய நடுத்தர வர்க்கத்தை. இந்தியாவுக்கென்றே உருவாக்கிய ஐகான் 1999-இல் விற்பனைக்கு வந்தது. பிறகு இங்கே தயாரான எக்கோஸ்போர்ட் அமெரிக்கச் சாலைகளிலேயே ஓடியது. 2021 செப்டம்பரில் கணக்கு மாறியது. பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று சொல்லி, இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. மறைமலைநகரில் சுமார் 2,600 தொழிலாளர்கள். இழப்பீட்டுக்காக அவர்கள் போராடியதற்குப் பின், 2022 ஜூலையில் கடைசி வண்டி வெளியேறியது.

அதே காலத்தில், அதே சென்னைத் துறைமுகத்தை நம்பி, பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் ஆலை அமைத்த ஹூண்டாய் சான்ட்ரோவில் தொடங்கி இன்றுவரை வளர்ந்துகொண்டிருக்கிறது. ஊரும் உழைப்பும் ஒன்றுதான். இந்தியக் குடும்பம் என்ன விலைக்கு எப்படிப்பட்ட காரைத் தேடுகிறது என்பதைப் புரிந்துகொண்டதில்தான் வித்தியாசம். ஆனால் தப்புக்கணக்கு போட்டவர்களின் நஷ்டத்தில் பெரும்பங்கை, கணக்கில் கையே வைக்காத தொழிலாளிதான் சுமந்தான்.

ஃபோர்டு இந்த மண்ணைப் பார்த்த விதத்தைப் போலவே, மாமல்லபுரத்தை உலகம் பார்த்த விதமும் எனக்கு நிறைவு தரவில்லை. 2019 அக்டோபரில் சீன அதிபர் ஷி ஜின்பிங் வந்தார், 2022-இல் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. இரண்டு முறையும் படங்களில் ஊர் பளபளத்தது. விருந்தாளி பார்ப்பது சில நாள் அலங்காரத்தை. கல் தட்டிப் பிழைப்பவரின் நுரையீரலில் படியும் தூசி எந்தப் படத்திலும் தெரியாது.

வெளியிலிருந்து வந்த ஒருவர் சரியாகப் பார்த்த கதையும் இதே கடற்கரையில் உண்டு. இருளர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாம்பு பிடித்துத் தோல் விற்று வாழ்ந்தவர்கள். எழுபதுகளில் வனவிலங்குச் சட்டமும் தோல் ஏற்றுமதித் தடையும் வந்தபோது அடுப்பு அணைந்தது. அமெரிக்காவில் பிறந்து சிறுவயதிலேயே இந்தியா வந்துவிட்ட ரோமுலஸ் விட்டேக்கர், அவர்களோடு காடு மேடெல்லாம் அலைந்தவர். பாம்பின் தடத்தையும் எச்சத்தையும் வைத்தே அது எந்தப் பாம்பு, எந்தப் பொந்தில் இருக்கும் என்று சொல்லும் அறிவை அவர் கண்டார். அந்த அறிவை நம்பி 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. வடநெம்மேலியில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் விஷத்தை எடுத்துவிட்டு, பாம்பைக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் சாகும் நாட்டில், விஷமுறிவு மருந்துக்கான விஷத்தின் பெரும்பகுதி இந்தக் கைகளிலிருந்து போகிறது.

2017 ஜனவரியில் இந்த இருளர்களில் மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் ஃப்ளோரிடா அழைத்தது. அங்கே பல்கிப் பெருகிய பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க, முந்தைய ஆண்டுப் போட்டியில் ஏறக்குறைய ஆயிரம் வேட்டைக்காரர்கள் ஒரு மாதம் அலைந்து 106 பாம்புகளைத்தான் பிடித்திருந்தார்கள். நம் இருளர்கள் முதல் இரண்டு வாரத்தில் 13 பிடித்தார்கள். அதில் ஒன்று 16 அடி நீளம். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. எவ்வளவு காலம் கழித்து!

நிலம், துறைமுகம், சம்பளச் செலவு ஆகியவற்றை அறிக்கை படித்தே தெரிந்துகொள்ளலாம். ஒரு மனிதனுக்கு என்ன தெரியும் என்பதை அவனோடு நடந்துதான் அறிய முடியும். விட்டேக்கர் நடந்தார்.

ஃபோர்டு திரும்பி வருகிறது. 3,250 கோடி ரூபாயில், 2029 முதல் எஞ்சின் தயாரிக்க 2025 அக்டோபரில் தமிழக அரசோடு ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. சொல்லப்படும் நேரடி வேலைகள் அறுநூற்றுச் சொச்சம். வரட்டும், வரவேற்போம். ஆனால் அந்த வேலைகளுக்கான முதல் அழைப்பு 2022-இல் வெளியேற்றப்பட்ட தொழிலாளர்களுக்குப் போக வேண்டும். மறுபடி கதவை மூட நேர்ந்தால் அவர்களுக்கு என்ன கிடைக்கும் என்பதை, ஆலை ஓடத் தொடங்கும் முன்பே அரசு எழுத்தில் வாங்க வேண்டும்.