பகைவர் யார், நண்பர் யார்? கணுக்காலிகளின் குலமும் குணமும்

‘பூச்சி’ என்னும் சொல்லுக்கு நம் பேச்சு வழக்கில் எல்லையே இல்லை. கரப்பானும் பூச்சி, சிலந்தியும் எட்டுக்கால் பூச்சி, மழை நாளில் முற்றத்தில் ஊர்ந்து வரும் மரவட்டையுங்கூட ரயில் பூச்சி. பெயர் ஒன்றாகிவிட்டமையால் தண்டனையும் ஒன்றாகிவிட்டது: கண்டவுடன் துடைப்பம்! ஆயினும் இவற்றை இனம் பிரித்தறியும் அறிவு வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. அண்மைக் காலத்தில் தமிழ்நாட்டு உழவர் பல்லாயிரவரின் பிழைப்பைக் காத்தது அவ்வறிவே. அந்த உதவி நாம் குடியேறி வாழும் இப்பெங்களூரிலிருந்தே சென்றது என்பது நம்மவர் அறிந்து மகிழத்தக்க செய்தியாகும்.

இவ்வுயிர்களை அறிவியலார் ‘கணுக்காலிகள்’ என்பர். கரும்பைப் போலக் கணுக்கணுவாக மூட்டுகள் அமைந்த கால்களை உடையவை என்பது பொருள். இவற்றின் உடலுள் எலும்பு கிடையாது. கைட்டின் என்னும் பொருளாலான புற ஓடே எலும்பின் வேலையைச் செய்கிறது. உடல் வளரும், ஓடு வளராது. ஆதலால் அவ்வப்போது பழைய சட்டையைக் கழற்றிப் புதியது பூணுதல் இவற்றின் இயல்பு. இராமநகரத்துச் சந்தைக்குக் கூட்டைத் தரும் பட்டுப்புழு, கூடு கட்டுமுன் நான்கு முறை தோலுரிக்கிறது. உலகில் இதுவரை பெயரிடப்பெற்ற விலங்கினங்களுள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கணுக்காலிகளே என்றால் இக்குலத்தின் பெருக்கத்தை என்னென்பது!

உயிர்களை வகுத்துக் காணும் முயற்சி தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியத்து மரபியல், உயிர்களை அவற்றின் அறிவு கொண்டு ஆறாகப் பகுக்கிறது. கறையானையும் எறும்பையும் மூவறிவுடையன என்றும், நண்டையும் தும்பியையும் நான்கறிவுடையன என்றும் அந்நூல் கூறும். நீரில் வாழும் நண்டையும் வானில் திரியும் தும்பியையும் ஒரே வரிசையில் வைத்தது வியப்பன்றோ? அளவுகோல் வேறாயினும், இன்றைய அறிவியலும் அவ்விரண்டையும் கணுக்காலிகள் என ஒரே பெருங்குலத்தில் சேர்க்கிறது.

இன்று உயிருடன் உள்ள கணுக்காலிகளில் நான்கு பெரும் பிரிவுகள் உண்டு. முதலாவது, அறுகாலிகள். தலை, மார்பு, வயிறு என மூன்று பகுதிகளும், ஓரிணை உணர்கொம்புகளும், ஆறு கால்களும் உடையவை: எறும்பு, ஈ, கொசு, வண்ணத்துப்பூச்சி முதலியன. இரண்டாவது, சிலந்தியினம். சிலந்தி, தேள், உண்ணி ஆகிய இவற்றிற்குக் கால்கள் எட்டு, உணர்கொம்பு இல்லை. தேளின் முன்னிருக்கும் இடுக்கிகள் கால்கள் அல்ல என்பதை நினைவிற் கொள்க. மூன்றாவது, நண்டும் இறாலும் அடங்கிய ஓட்டுடலிகள். இவற்றின் உணர்கொம்புகள் இரண்டு இணை. நான்காவது, பலகாலிகள். இவற்றுள் பூரானுக்கு உடற்கண்டம் ஒவ்வொன்றிலும் ஓரிணைக் கால். மரவட்டைக்குப் பெரும்பாலான கண்டங்களில் ஈரிணை. பூரான் கடித்தால் நஞ்சேறும். மரவட்டையோ கடிப்பதில்லை, மக்கிய இலை தின்று மண்ணை வளமாக்கும்.

இனி, நம் நாட்டில் நிகழ்ந்ததைக் காண்போம். 2008-ஆம் ஆண்டில் கோயம்புத்தூர்ப் பகுதியில் பப்பாளி மரங்களின்மீது பஞ்சு அப்பியது போன்ற வெண்மை படர்ந்தது. அது பப்பாளி மாவுப்பூச்சி. சாற்றை உறிஞ்சி வாழும் ஓர் அறுகாலி. பப்பாளியோடு நில்லாமல் மரவள்ளி, மல்பெரி, கத்தரி எனப் பல பயிர்களிலும் அது பரவிற்று. மருந்து தெளித்தும் பயன் குறைவே. மாவு போன்ற மெழுகுப் போர்வை அதனைக் காத்தது. மேலும், மல்பெரியில் நஞ்சு தெளித்தால் அவ்விலையை உண்ணும் பட்டுப்புழுவும் மடியும். பகைவனும் அறுகாலி, உழவனுக்குச் சோறிடும் நண்பனும் அறுகாலி. நஞ்சுக்கு இவ்வேறுபாடு தெரியாது!

இந்நிலையில் கைகொடுத்தது இனப்பகுப்பு அறிவே. இப்பூச்சி இன்னது, இதன் தாயகம் மெக்சிகோவும் நடு அமெரிக்காவும் என்பது நூல்களில் பதிவாகியிருந்தது; 1992-ஆம் ஆண்டிலேயே அதற்கு அறிவியற் பெயர் சூட்டப்பெற்றிருந்தது. பெயர் தெரிந்தமையால் அதன் இயற்கைப் பகைவனையும் தேட முடிந்தது. பெங்களூர் ஹெப்பாலில் உள்ள, இன்று தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் என வழங்கும் நிறுவனம், 2010-ஆம் ஆண்டில் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூவகை ஒட்டுண்ணிக் குளவிகளை வருவித்தது. தனிக்காவலில் வளர்த்து ஆராய்ந்த பின்னரே அவை வயல்களில் விடப்பெற்றன. அவற்றுள் மிகச் சிறப்பாகப் பணியாற்றியது அசெரோபேகஸ் பப்பாயே என்னும் குளவி. அதன் நீளம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு! அது மாவுப்பூச்சியின் உடலுள் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு அப்பூச்சியை உள்ளிருந்தே தின்று வளரும். பட்டுப்புழுவை அது தீண்டுவதில்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் துணையுடன் தோட்டந்தோறும் குளவி பரவ, 2011-ஆம் ஆண்டில் மாவுப்பூச்சியின் கொட்டம் அடங்கிற்று.

சேலத்திலும் நாமக்கல்லிலும் மரவள்ளி பயிரிடும் உற்றார் உறவினர் நம்மில் பலருக்கு உண்டு. அவர்தம் வயலைக் காத்த வீரன் கண்ணுக்கும் எளிதில் புலப்படாத ஒரு குளவி என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வீட்டில் ஏதேனும் ஊர்ந்தால், எட்ட நின்று அதன் கால்களை எண்ணிப் பார்க்கவும், கணுவுக்கு எத்தனை இணையென நோக்கவும் அவர்களைப் பழக்குங்கள். தேளுக்கும் பூரானுக்கும் அஞ்சி விலகுதல் அறிவுடைமை. கொசுவைத் தின்னும் சிலந்தியையும் குப்பையை எருவாக்கும் மரவட்டையையும் கொல்லுதல் அறியாமை. ஆராய்ந்தறிந்த பின்னரே பகையென்றும் நட்பென்றும் துணிதல் வேண்டும். இது மக்களுக்கு மட்டுமன்று, மற்றுயிர்களுக்கும் பொருந்தும் நெறியாகும்.