தராசில் ஏறும் ரேஸ் கார்

ஐயங்கார்குளத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் பார்க்கப் போனேன். நாலு சக்கரத்துக்கும் நாலு தராசு வைத்து, ஓட்டுநரையும் உட்காரவைத்து எடை போடுகிறார்கள். மொத்த எடை தெரிந்தால் போதாதா?"

போதாது. முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்கும். நாலு கால் உள்ளதற்குத்தான் ஆடும் சீக்கு. டீக்கடை ஸ்டூலின் ஒரு காலுக்கடியில் மடித்த அட்டையைச் செருகுங்கள். அந்தக் காலும் அதற்குக் குறுக்கே இருக்கும் காலும் பாரத்தை வாங்கிக்கொள்ளும். மற்ற இரண்டும் பேருக்கு நிற்கும். ரேஸ் காரில் அந்த அட்டை, ஸ்பிரிங்கைத் தாங்கும் மரை வளையம். முன் வலது வளையத்தை இரண்டு சுற்று ஏற்றினால் முன் வலதும் பின் இடதும் கனக்கும், மற்றவை லேசாகும். முன்பக்கக் கூட்டுத்தொகையும் இடப்பக்கக் கூட்டுத்தொகையும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். நாலு தராசு இல்லாமல் இந்தத் திருட்டைப் பிடிக்க முடியாது. பிடிக்காவிட்டால், இடப்பக்கம் திரும்பும்போது கார் மூக்கைத் திருப்ப மறுக்கும். வலப்பக்கம் திரும்பும்போது வாலை வீசும்.

ஸ்டூலில் உட்காருபவர்தான் ஓட்டுநர். அவர் கிளாஸோடு ஒரு பக்கம் சாய்வது திருப்பம். சிந்தும் டீ, தடத்தைவிட்டு வெளியே பாயும் கார். டீ மாஸ்டரை நடுவராக்குவதற்குள் நிறுத்திக்கொள்கிறேன்.

ஓட்டுநரையும் ஏன் உட்காரவைக்கிறார்கள்? 500 கிலோ காரில் 70 கிலோ ஆள் ஏறுவது, 1,500 கிலோ காரில் 210 கிலோ ஏற்றுவதற்குச் சமம். இலகுவான காரில் ஆளும் ஓர் உதிரிபாகம்.

வாசகருக்கு வரலாறும் கொஞ்சம் வேண்டுமாம். சோழவரம் விமான ஓடுதளத்தில் ஓடிய பந்தயம் 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் கண்டது. கோவை கரிவரதன், மாருதி 800-இன் 796 சிசி எஞ்சினை ஒற்றை இருக்கைக் காரில் பொருத்தினார். அவ்வளவு போதும்.

அடுத்து, காரைச் சரிசெய்யும் வரிசை. முதலில் தரையிலிருந்து உயரம், பிறகு எடை, பிறகு சக்கரத்தின் சாய்வான கேம்பர், கடைசியில் சக்கரம் உள்ளோ வெளியோ பார்க்கும் கோணமான டோ. கேம்பரைத் தொட்டால் டோ நகர்ந்துவிடும் என்பதால் இந்த ஒழுங்கு. டோ பார்க்க இருபுறமும் நூல் கட்டி, இரும்பு ஸ்கேலால் அளப்பவர்கள் பந்தயக் குழுக்களில் இன்னும் உண்டு. லேசரும் அதே கோணத்தைத்தான் அளக்கிறது. கோணத்தைத் திருத்துவது ஸ்பேனர்.

உங்கள் வீட்டுக் காருக்கு இந்த எடைச் சடங்கு வேண்டாம். அதன் ஸ்பிரிங்கில் திருகுவதற்கு வளையமே கிடையாது. அலைன்மென்ட் கடையில் வண்ணத் தாளை நீட்டினால் ஒன்று மட்டும் கேளுங்கள்: டயரில் காற்று பார்த்துவிட்டுத்தானே அளந்தீர்கள்?